ஆலைக்கும் ஓர் ஆன்ம சோதனை

மார்ச் மாதம் முடிந்தவுடன் வணிக நிறுவனங்களில் கணக்கு முடிக்கும் வேலை மும்முரமாகிவிடும். வரவு எவ்வளவு, செலவு எவ்வளவு, கையிருப்பு எவ்வளவு என்று பேரேடுகளைப் புரட்டுவார்கள். பிறகு தணிக்கையாளர் வந்து ரசீதுகளை ஒவ்வொன்றாகச் சரிபார்த்து, "கணக்கு சரி" என்று கையெழுத்திடுவார். அந்தக் கையெழுத்து இருந்தால்தான் வங்கியும் அரசும் அந்தக் கணக்கை நம்பும். இது நாம் எல்லாரும் அறிந்ததே.

ஆனால் ஓர் ஆலையின் பேரேட்டில் எழுதப்படாத செலவுகளும் உண்டு. ஆற்றிலிருந்து எடுத்த நீருக்கு ஆலை என்ன விலை கொடுத்தது? புகைபோக்கி வழியே வெளியேறிய தூசியைச் சுவாசித்த பக்கத்துத் தெருக் குழந்தையின் மருத்துவச் செலவு யார் கணக்கில் எழுதப்படுகிறது? கழிவு நீர் பாய்ந்து உப்பேறிப்போன கிணற்றின் நட்டம் எந்தப் பக்கத்தில் வருகிறது? பணக் கணக்கில் இவற்றுக்கு இடமில்லை. ஆயினும் யாரோ ஒருவர் அந்தச் செலவைக் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார். பெரும்பாலும் அவர் ஏழையாகவும், ஆற்றின் கீழ்ப்பகுதியில் வாழ்பவராகவும் இருக்கிறார்.

இந்த எழுதப்படாத கணக்கை எழுத வைப்பதே சுற்றுச்சூழல் தணிக்கை. அதைச் செய்பவர் சுற்றுச்சூழல் தணிக்கையாளர். அவருடைய வேலை என்ன, அந்த வேலைக்கு வரும் சோதனைகள் யாவை, அவற்றை வெல்ல நம் நாட்டில் என்ன வழி கண்டார்கள் என்பனவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

தோன்றிய வரலாறு

தொழிற்சாலைகள் தங்கள் சுற்றுப்புறத்துக்குச் செய்யும் தீங்கை முறையாக ஆராய்ந்து எழுதும் வழக்கம் 1970களில் அமெரிக்காவில் தொடங்கியது. காற்றையும் நீரையும் காக்கும் சட்டங்கள் அங்கே கடுமையானபோது, "நம் ஆலை சட்டப்படி நடக்கிறதா?" என்று முன்கூட்டியே அறிந்துகொள்ளச் சில பெரிய நிறுவனங்கள் விரும்பின. வெளியார் வந்து குற்றம் கண்டுபிடிக்குமுன் தாமே தம் குறையைக் காண்பது நல்லதல்லவா? 1996 இல் ஐ.எஸ்.ஓ. 14001 என்னும் உலகத் தரநெறி வெளிவந்தது. சுற்றுச்சூழலைக் காக்கும் ஒழுங்கை ஒரு நிறுவனம் தனக்குள் எப்படி அமைத்துக்கொள்ள வேண்டும், அதை எப்படித் தணிக்கை செய்ய வேண்டும் என்று அது வகுத்துக் கூறுகிறது.

நம் நாட்டில் இவ்வெண்ணம் வேரூன்றக் காரணமான நிகழ்ச்சி மிகத் துயரமானது. 1984 டிசம்பர் 2 ஆம் நாள் நள்ளிரவில் போபால் நகரில் பூச்சிமருந்து ஆலை ஒன்றிலிருந்து மீத்தைல் ஐசோசயனேட் என்னும் நச்சு வாயு கசிந்தது. தூங்கிக்கொண்டிருந்த மக்கள் ஆயிரக்கணக்கில் மாண்டனர். உயிர் தப்பியவர்களுள் பலர் கண்ணும் நுரையீரலும் கெட்டு வாழ்நாளெல்லாம் துன்புற்றனர்.

இதில் நாம் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. விபத்துக்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே, 1982 இல், அமெரிக்கத் தாய் நிறுவனத்திலிருந்து ஒரு குழு வந்து ஆலையைச் சோதித்துக் குறைகள் பலவற்றைச் சுட்டிக்காட்டி அறிக்கை தந்திருந்தது. ஆயினும் அந்தப் பயங்கர இரவில், நச்சுத் திரவம் இருந்த தொட்டியைக் குளிர்விக்கும் இயந்திரம் பல மாதங்களாக நிறுத்தப்பட்டிருந்தது. கசியும் வாயுவை எரித்து அழிக்க வேண்டிய கோபுரத்தின் குழாய், பழுது பார்ப்பதற்காகக் கழற்றப்பட்டிருந்தது. சோதனை செய்வது பாதி வேலைதான், சோதனையில் கண்டதைத் திருத்துவதே மறு பாதி என்பதைப் போபால் நமக்குக் கற்பித்தது. மருத்துவர் எழுதிய சீட்டை மடித்துப் பெட்டியில் வைத்தால் நோய் தீருமா?

நீர் மாசுத் தடுப்புச் சட்டம் 1974 இலும், காற்று மாசுத் தடுப்புச் சட்டம் 1981 இலும் வந்திருந்தன. போபாலுக்குப் பின் 1986 இல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன் விதிகளின்கீழ் 1992 மார்ச் 13 ஆம் நாள் மத்திய அரசு ஓர் அறிவிப்பு வெளியிட்டது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவு பெற வேண்டிய தொழில்கள் ஆண்டுதோறும் தங்கள் சுற்றுச்சூழல் கணக்கை ஐந்தாம் படிவத்தில் எழுதித் தர வேண்டும் என்பதே அது. மார்ச்சில் முடியும் ஆண்டுக்கான கணக்கைச் செப்டம்பர் 30க்குள் மாநில வாரியத்திடம் ஒப்படைக்க வேண்டும் என்று ஏற்பட்டது. முதலில் "தணிக்கை அறிக்கை" எனப்பட்ட இது, 1993 முதல் "சுற்றுச்சூழல் அறிக்கை" எனப் பெயர் பெற்றது.

அந்தப் படிவம் கேட்கும் கேள்விகள் எளியவை. எவ்வளவு நீர் செலவாயிற்று? ஒரு பொருளைச் செய்ய எவ்வளவு மூலப்பொருள் ஆயிற்று? போன ஆண்டைவிடக் கூடியதா, குறைந்ததா? நீரிலும் காற்றிலும் கலந்த மாசு எவ்வளவு? நச்சுக் கழிவு எவ்வளவு? திடக் கழிவு எவ்வளவு? அவற்றை என்ன செய்தீர்கள்? மாசைத் தடுத்ததனால் உற்பத்திச் செலவு கூடியதா, குறைந்ததா? வரும் ஆண்டில் இன்னும் என்ன செய்யப்போகிறீர்கள்? இல்லத்தரசி ஒவ்வொருத்தியும் மாதக் கடைசியில் மனத்துக்குள் கேட்டுக்கொள்ளும் கேள்விகளே இவை.

தணிக்கையாளரின் ஒரு நாள்

சுற்றுச்சூழல் தணிக்கையாளர் எப்படி வேலை செய்கிறார் என்பதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம். பருத்தித் துணிக்குச் சாயம் ஏற்றும் ஒரு பட்டறைக்கு அவர் வருவதாக வைத்துக்கொள்வோம்.

வருவதற்கு முன்பே அவருடைய வேலை தொடங்கிவிடுகிறது. பட்டறையின் வரைபடம், வாரியம் தந்த இசைவாணை, அதிலுள்ள நிபந்தனைகள், சென்ற ஆண்டின் அறிக்கை ஆகியவற்றை வாங்கிப் படிக்கிறார். எத்தனை லிட்டர் நீர் எடுக்கலாம், எவ்வளவு துணிக்குச் சாயமேற்றலாம், கழிவு எங்கே போக வேண்டும் என்பன எல்லாம் அந்த ஆணையில் எழுதப்பட்டிருக்கும். அதைக் கையில் வைத்துக்கொண்டுதான் உள்ளே நுழைகிறார்.

உள்ளே அவர் முதலில் கேட்பது தண்ணீர்க் கணக்கு. நாளொன்றுக்கு 1,00,000 லிட்டர் நீர் உள்ளே வருவதாக மீட்டர் காட்டுகிறது என்று கொள்வோம். சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகும் கழிவு நீர் 70,000 லிட்டர். கொதிகலனில் நீராவியாகப் போனது 5,000. ஈரத் துணி உலரும்போது காற்றில் போனது 5,000. குடிக்கவும் கழுவவும் செலவானது 5,000. ஆக மொத்தம் 85,000. மீதி 15,000 லிட்டர் எங்கே? தரைக்கடியில் வேறு குழாய் ஏதேனும் ஓடுகிறதா? மழைநீர் வடிகாலில் சாயநீர் கலக்கிறதா? தணிக்கையாளர் பட்டறையின் மதிலைச் சுற்றி நடக்கிறார். வடிகாலின் கரையிலுள்ள புல்லின் நிறத்தைப் பார்க்கிறார். ஏட்டில் இல்லாததைப் புல் சொல்லிவிடுவதும் உண்டு.

அடுத்து உப்புக் கணக்கு. பருத்தியில் சாயம் நன்கு பற்றுவதற்கு உப்பு மிகுதியாகச் சேர்க்கிறார்கள். துணி உப்பை வைத்துக்கொள்வதில்லை. அது முழுவதும் நீரோடு வெளியே வந்துவிடுகிறது. உப்பு எரிந்தும் போகாது, ஆவியாகியும் போகாது. ஆகவே தணிக்கையாளர் உப்பு வாங்கிய ரசீதுகளைக் கேட்கிறார். ஆயிரம் கிலோ உப்பு வாங்கியிருந்தால், அந்த ஆயிரம் கிலோவும் எங்கோ இருந்தாக வேண்டும். மீட்டெடுத்த உப்பாக இருக்கலாம், சேமிப்புக் கொட்டகையில் மூட்டையாக இருக்கலாம். இரண்டிலும் இல்லையென்றால் அது ஆற்றில் இருக்கிறது.

மூன்றாவது மின்சாரக் கணக்கு. சுத்திகரிப்பு நிலையத்தின் பம்புகளும் காற்றடிக்கும் இயந்திரங்களும் ஓடினால் மின்சாரம் செலவாகும். அந்த மீட்டர் மெதுவாக நகர்ந்திருந்தால், நிலையம் பார்வையாளர் வரும் நாளில் மட்டும் ஓடியது என்று பொருள். அதுபோலவே, கழிவு நீரைச் சுத்தம் செய்தால் சேறு சேர வேண்டும். சேறு இல்லையென்றால் சுத்திகரிப்பும் இல்லை. இப்படி ஒரு கணக்கை மற்றொரு கணக்கால் சோதிப்பதே இந்தத் தொழிலின் சூட்சுமம்.

பின்னர் நீர் மாதிரிகளைப் புட்டிகளில் எடுத்து, நாளும் நேரமும் எழுதி, முத்திரையிட்டு ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புகிறார். ஆற்றில் விடப்படும் கழிவு நீருக்கு அரசு எல்லை வகுத்திருக்கிறது. மிதக்கும் துகள்கள் லிட்டருக்கு 100 மில்லிகிராமுக்கு மேல் போகலாகாது. உயிர்வழி ஆக்சிஜன் தேவை 30 மில்லிகிராமுக்கு மேல் போகலாகாது. இந்தப் பெயரைக் கண்டு மிரள வேண்டாம். அழுகும் கழிவை நுண்ணுயிர்கள் தின்னும்போது நீரில் கரைந்துள்ள ஆக்சிஜனை அவை எடுத்துக்கொள்கின்றன. கழிவு மிகுந்தால் அவை எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜனும் மிகும்; மீன்களுக்கு மூச்சுவிட ஒன்றும் மிஞ்சாது. மீன்கள் நஞ்சினால்தான் சாகின்றன என்று நாம் நினைக்கிறோம். பல வேளைகளில் அவை மூச்சுத் திணறியே சாகின்றன.

புகைபோக்கியைச் சோதிப்பது இன்னும் கடினமான வேலை. அதன் பக்கத்தில் கட்டியுள்ள மேடைக்கு ஏணியில் ஏறி, சுவரிலுள்ள துளை வழியாக ஒரு குழாயைச் செலுத்தி, புகையை வடிதாள் வழியே இழுக்க வேண்டும். வடிதாளை முன்பும் பின்பும் நிறுத்துப் பார்த்தால், இழுத்த காற்றில் இருந்த தூசியின் எடை தெரியும். உச்சி வெயிலில், சூடான புகைபோக்கியின் அருகே, உயரத்தில் நின்று செய்ய வேண்டிய வேலை இது. கீழே நிழலில் உட்கார்ந்து ஓர் எண்ணை எழுதிவிடுவது மிக எளிது. இந்த இடத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் மறுபடி இதற்கு வருவோம்.

கடைசியாக ஊழியர்களோடும் அக்கம்பக்கத்தாரோடும் பேசுகிறார். இரவில் எப்போது நாற்றம் வருகிறது, கிணற்று நீரில் பருப்பு வேகிறதா என்பன போன்ற செய்திகளைப் பக்கத்து வீட்டு அம்மாவைவிட நன்றாக யார் சொல்ல முடியும்? கண்டவற்றையும் அளந்தவற்றையும் தொகுத்து, எவை சட்டப்படி உள்ளன, எவை இல்லை, எதை எப்போதைக்குள் திருத்த வேண்டும் என்று அறிக்கை எழுதுகிறார். அத்துடன் செலவைக் குறைக்கும் வழிகளையும் சொல்கிறார். வீணாகும் நீராவி, ஒழுகும் குழாய், மீட்கக்கூடிய உப்பு ஆகிய எல்லாம் பணமே. நல்ல தணிக்கையாளர் ஆலைக்குப் பகைவர் அல்லர்.

நம் அருகில் கண்ட பாடம்

கணக்கு எழுதாமல் விட்டால் என்ன நேரும் என்பதற்குச் சான்று தேடித் தொலைதூரம் போக வேண்டியதில்லை. பாலாற்றங்கரையில் தோல் பதனிடும் ஆலைகளின் கழிவு நீர் நிலத்தையும் கிணறுகளையும் கெடுத்தது. அதைப் பற்றிய வழக்கில் 1996 இல் உச்ச நீதிமன்றம், மாசு செய்தவரே அதன் செலவை ஏற்க வேண்டும் என்னும் கொள்கை நம் நாட்டுச் சட்டத்தின் பகுதியே எனத் தீர்ப்பளித்தது.

நொய்யலாற்றில் திருப்பூருக்குக் கீழே பாசனத்துக்கென ஒரத்துப்பாளையம் அணை கட்டப்பட்டது. சில ஆண்டுகளிலேயே அது சாயக் கழிவு தேங்கும் தொட்டியாயிற்று. எந்த நீரை எதிர்பார்த்து உழவர்கள் அணை கேட்டார்களோ, அந்த நீரைத் திறந்துவிட வேண்டாம் என்று அவர்களே கெஞ்சும் நிலை வந்தது. சாயப்பட்டறைகள் கழிவு நீரை ஒரு துளியும் வெளியே விடலாகாது என்று 2006 இல் சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. ஆணை நிறைவேறாததால் 2011 ஜனவரியில் பட்டறைகளை மூடும்படி கூறிற்று. நூற்றுக்கணக்கான பட்டறைகள் நின்றன. தொழிலாளர்கள் வேலையின்றித் தவித்தனர். கழிவு நீரிலிருந்து நீரையும் உப்பையும் மீட்டு மறுபடி பயன்படுத்தும் முறையை மேற்கொண்ட பின்னரே தொழில் படிப்படியாக மீண்டது.

இதில் ஆற்றுக்கும் ஆலைக்கும் நடந்த சண்டையை மட்டும் பார்த்தால் போதாது. உழவர் இழந்தார், பிறகு தொழிலாளியும் இழந்தார். ஆண்டுதோறும் உண்மைக் கணக்கு எழுதி, சிறு குறையை அப்போதைக்கப்போது திருத்தியிருந்தால், இருவரும் இழந்திருக்க வேண்டியதில்லை.

வேலியே பயிரை மேய்ந்தால்?

இப்போது கட்டுரையின் முக்கியமான பகுதிக்கு வருகிறோம். 1992 இன் படிவத்தை எழுதித் தருபவர் யார்? ஆலையேதான். தன் விடைத்தாளைத் தானே திருத்தும் மாணவிக்கு எத்தனை மதிப்பெண் கிடைக்கும் என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை.

இதை உணர்ந்து குஜராத்தில் ஒரு படி மேலே சென்றார்கள். அகமதாபாத் நகரைச் சுற்றியுள்ள தொழிற்பேட்டைகளின் மாசு பற்றிய வழக்கில், 1996 இல் குஜராத் உயர் நீதிமன்றம் ஒரு தணிக்கைத் திட்டத்தை ஏற்படுத்தியது. மாசு மிகுதியாக உண்டாக்கக்கூடிய ஆலைகளை வெளியாரான தணிக்கையாளர்கள் சோதித்து, மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு அறிக்கை தர வேண்டும் என்பது அத்திட்டம். விடைத்தாளைத் திருத்த வேறு ஆசிரியை வந்துவிட்டார். இனிக் குறையில்லை என்றே எவரும் எண்ணுவர்.

ஆனால் ஒரு சிறு ஓட்டை இருந்தது. தணிக்கையாளரைத் தேர்ந்தெடுப்பதும், பேரம் பேசுவதும், கூலி கொடுப்பதும் ஆலைக்காரரே. உண்மையை எழுதும் தணிக்கையாளருக்கு அடுத்த ஆண்டு அழைப்பு வருமா? போட்டியினால் கூலியும் தாழ்ந்தது. முறையாக ஏணியில் ஏறி அளந்தால் ஆகும் செலவுக்குக்கூடக் கட்டாத கூலிக்குத் தணிக்கை செய்தவர்களும் இருந்தனர். அந்தக் கூலிக்கு நிழலில் உட்கார்ந்து எண் எழுதத்தான் முடியும்.

இதை ஆராய நான்கு பொருளியல் அறிஞர்கள் முன்வந்தனர். எஸ்தர் டுஃப்லோ, ரோஹிணி பாண்டே என்னும் பெண்மணிகள் இருவரும், மைக்கேல் கிரீன்ஸ்டோன், நிக்கோலஸ் ரயான் என்னும் ஆடவர் இருவரும் அவர்கள். இவர்களுள் எஸ்தர் டுஃப்லோ, வறுமை ஒழிப்பு ஆராய்ச்சிக்காக 2019 இல் நோபல் பரிசு பெற்றவர்களுள் ஒருவர். குஜராத் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துடன் சேர்ந்து, 2009 முதல் 2011 வரை அகமதாபாத், சூரத் பகுதிகளில் 473 ஆலைகளில் அவர்கள் ஒரு சோதனை நடத்தினர்.

ஆலைகளைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவில் எல்லாம் பழைய வழக்கப்படி நடந்தது. மற்றப் பிரிவில் மாற்றங்கள் செய்தார்கள். எந்த ஆலைக்கு எந்தத் தணிக்கையாளர் என்பதைக் குலுக்கலே தீர்மானித்தது. கூலி ஆலையிடமிருந்து வராமல், ஒரு பொது நிதியிலிருந்து, ஒரே அளவாக, உரிய அளவில் கொடுக்கப்பட்டது. தணிக்கையாளர் அளந்து சென்ற சில நாட்களில், முன்னறிவிப்பின்றி, வேறொரு குழு அதே இடத்தை மறுபடி அளந்தது. இரண்டாம் ஆண்டில், சரியாக அளந்தவர்களுக்கு அதிக ஊதியமும் தரப்பட்டது.

பயன் என்ன? புகையிலுள்ள தூசிக்கு ஒரு கன மீட்டருக்கு 150 மில்லிகிராம் என்பது எல்லை. பழைய முறையில் இருந்த தணிக்கையாளர்கள், நூற்றில் 7 ஆலைகளே எல்லை மீறுகின்றன என்று எழுதினார்கள். மறுபடி அளந்து பார்த்தபோது நூற்றில் 59 ஆலைகள் மீறியிருந்தன! பழைய அறிக்கைகளில் மிகப் பல எண்கள் 150க்குச் சற்றே கீழே வந்து கும்பலாக நின்றன. தேர்ச்சி மதிப்பெண் 35 என்றால், ஒரு வகுப்பில் பெரும்பாலோர் 36, 37 என்றே வாங்கியிருந்தால் நாம் என்ன நினைப்போம்? அதே ஐயந்தான் அங்கும் எழுந்தது.

புதிய முறையிலோ, எல்லை மீறிய ஆலையை "மீறவில்லை" என்று பொய்யாக எழுதுவது 80 விழுக்காடு குறைந்தது. இன்னும் சிறப்பு என்னவென்றால், தணிக்கையாளர் உண்மை எழுதத் தொடங்கியதும் ஆலைகளும் மாசைக் குறைத்துக்கொண்டன. உண்மையான எண் ஒன்று தாளில் ஏறியதும், ஆற்றில் விழும் கழிவும் காற்றில் ஏறும் தூசியும் குறைந்தன.

இந்தச் சோதனையில் நம்மை மிகவும் சிந்திக்க வைப்பது வேறொன்று. தணிக்கை நிலையங்களுள் சில, ஒரே காலத்தில் இரு பிரிவிலும் வேலை செய்தன. படிப்பும் அதே, கருவிகளும் அதே. ஆயினும் பழைய முறையில் பொய்யும் புதிய முறையில் மெய்யும் எழுதினர். ஆகவே அவர்களைக் கெட்டவர்கள் என்று தள்ளிவிடுவது எளிதாக இருந்தாலும் சரியாக இராது. பொய் சொன்னால் சோறு, மெய் சொன்னால் பட்டினி என்னும் ஏற்பாட்டை வைத்துக்கொண்டு, மனிதரை மட்டும் குறை கூறிப் பயனில்லை. வேலி பயிரை மேயாதிருக்க வேண்டுமானால், வேலியைப் பயிர்க்காரர் சரியாகக் கட்ட வேண்டும்.

இதன் பயனாக 2015 இல் குஜராத் வாரியம், தணிக்கையாளரைக் குலுக்கல் முறையில் ஒதுக்கும்படி தன் திட்டத்தைத் திருத்திக்கொண்டது. 2025 ஆகஸ்டில் மத்திய அரசு நாடு முழுமைக்கும் சுற்றுச்சூழல் தணிக்கை விதிகளை அறிவித்தது. தகுதியும் பதிவும் பெற்ற தனித் தணிக்கையாளர்களை அவ்விதிகள் ஏற்படுத்துகின்றன. யாருக்கு எந்த ஆலை என்பதை ஆலையின் விருப்பத்துக்கு விடாமல் ஒதுக்கும் முறையையும் அவை கொண்டிருக்கின்றன. ஓர் ஆராய்ச்சியின் பயன் சட்டமாக மலர்ந்ததைக் காண நமக்கு மகிழ்ச்சியாக இருக்கிறது. ஆனால் விதியைச் செயலாக்குவோர் மனம் வைத்தால்தான் அதன் நோக்கம் நிறைவேறும்.

திருச்சபையின் நோக்கு

நம் திருச்சபைக்கு இது புதிய சிந்தனை அன்று. சூரியனையும் நீரையும் உடன்பிறப்புகளாகக் கண்ட அசிசி நகர்ப் புனித பிரான்சிஸை, சுற்றுச்சூழலுக்காக உழைப்போரின் பாதுகாவலராகத் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1979 இல் அறிவித்தார். மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015 இல் வெளியிட்ட சுற்றுமடலில், பூமியை நம் அனைவருக்கும் பொதுவான இல்லம் என்றார். ஒரு தொழில் திட்டத்தால் சுற்றுச்சூழலுக்கு நேரக்கூடியவற்றை ஆராய்வது திட்டம் முடிவான பிறகு செய்யும் சடங்காக இருக்கலாகாது, அது வெளிப்படையாகவும் பொருளாதார, அரசியல் நெருக்குதல் இன்றியும் நடக்க வேண்டும் என்று அம்மடலில் வற்புறுத்தினார். குஜராத்தில் கண்ட உண்மையும் இதுவே அன்றோ?

லூக்கா நற்செய்தியில், தலைவரின் உடைமைகளைப் பாழாக்கிய வீட்டுப் பொறுப்பாளரிடம் தலைவர் கணக்குக் கேட்பதை நாம் வாசித்திருக்கிறோம். உடைமை அவனுடையதாக இருந்திருந்தால் கணக்குக் கேட்க எவருக்கும் உரிமை இல்லை. பிறருடையதாக இருந்ததால்தான் கணக்கு. ஆறும் காற்றும் மண்ணும் நம்முடையவை அல்ல, நமக்கு ஒப்படைக்கப்பட்டவை. ஒப்புரவு அருட்சாதனத்துக்கு முன் நாம் ஆன்ம சோதனை செய்கிறோம். செய்ததை நினைத்தல், அதற்காக வருந்துதல், திருந்த உறுதி கொள்ளுதல் என்று அது படிப்படியாகச் செல்கிறது. சுற்றுச்சூழல் தணிக்கையும் ஒரு நிறுவனம் செய்துகொள்ளும் ஆன்ம சோதனையே. நினைத்ததோடு நின்றுவிட்டால் இரண்டும் பயன் தரா.

மாணவிகளுக்கு ஒரு சொல்

இத்தொழிலுக்கு என்ன படிக்க வேண்டும் என்று சிலர் கேட்கலாம். வேதியியல், நுண்ணுயிரியல், வேதிப்பொறியியல், சுற்றுச்சூழல் பொறியியல் ஆகியவை நேரான வழிகள். சட்டமும் கணக்கியலும் கற்றவர்களுக்கும் இடமுண்டு. அளவையில் துல்லியம், தெளிவாக எழுதும் திறன், எளியவரோடு பேசும் பணிவு ஆகியவை எல்லாருக்கும் வேண்டும். பெண்களுக்கு இது ஏற்ற வேலையா என்று தயங்கும் பெற்றோருக்கு ஒரு வார்த்தை: ஏணியில் ஏறவும் எண்ணை மாற்றாமல் எழுதவும் வேண்டிய துணிவு, நம் வீட்டுப் பெண்களிடம் தாராளமாக உண்டு.

படிப்பு முடியும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. நம் பள்ளியையே தணிக்கை செய்து பார்க்கலாம். ஒழுகும் குழாய் ஒன்றில் நொடிக்கு ஒரு சொட்டு விழுகிறது என்று கொள்வோம். ஒரு மில்லிலிட்டருக்கு ஏறத்தாழ 20 சொட்டு. நாளொன்றுக்கு 86,400 சொட்டு. அதாவது 4 லிட்டருக்கும் மேல். ஓர் ஆண்டில் 1,500 லிட்டரைத் தாண்டிவிடும். மின்விளக்குகள் எத்தனை மணி நேரம் வீணாக எரிகின்றன, மதிய உணவில் எத்தனை கிலோ குப்பைத் தொட்டிக்குப் போகிறது, எத்தனைப் பக்கங்கள் ஒருபுறம் மட்டும் எழுதப்பட்டு எறியப்படுகின்றன என்றெல்லாம் ஒவ்வொரு வகுப்பும் ஒரு மாதம் எழுதி வைக்கலாம். பள்ளியைச் சுற்றி 100 மீட்டர் வரையுள்ள பகுதியை அரசு சட்டப்படி அமைதி மண்டலமாக அறிவிக்கலாம். அப்படி அறிவிக்கப்பட்ட இடத்தில் பகலில் ஒலி 50 டெசிபலைத் தாண்டலாகாது. வெளியே அலறும் ஒலிபெருக்கியைப் பற்றி முறையிட நமக்கு உரிமை உண்டு. நம் வகுப்புகளின் கூச்சலையும் அப்போது கொஞ்சம் அளந்துகொள்வோம்!

ஆனால் ஒன்று மட்டும் மறவாதிருப்போம். எட்டாம் வகுப்பின் ஏட்டை ஒன்பதாம் வகுப்பு சரிபார்க்கட்டும். யார் யாரைச் சரிபார்ப்பது என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்யலாம். எண் நமக்குச் சாதகமாக இராவிட்டாலும் அதை அப்படியே எழுதுவோம். நூற்றில் 59 என்று இருக்கும்போது 7 என்று எழுதப்பட்ட தாளால் எந்த நகரத்தின் காற்றும் தூய்மையடையவில்லை. உண்மையை எழுதிய தாளே அதைச் செய்தது. நாளை உங்களுள் ஒருத்தி ஓர் ஆலையின் ஏணியில் ஏறி, தான் கண்டதைக் கண்டபடி எழுதுவாளானால், ஆற்றின் கீழ்ப்பகுதியில் குடியிருக்கும், அவள் ஒருநாளும் சந்தித்திராத ஒரு தாய் நல்ல நீரில் உலை வைப்பாள்.